ஒரு கேஜ் போதாது

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர்களுக்கு ‘கோ, நோ-கோ’ கேஜைச் சொல்லித் தர வேண்டியதில்லை. துளைக்குள் ஒரு முனை போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. ஆனால் துளை சாய்ந்திருக்கிறதா என்று அந்த கேஜுக்குத் தெரியாது. எச்.ஐ.வி. பரிசோதனை அட்டையும் அப்படித்தான். அது தேடுவது வைரஸை அல்ல, வைரஸை எதிர்த்து உடல் செய்த ஆன்டிபாடியை. அட்டையிலுள்ள வைரஸ் புரதத்தில் அது ஒட்டினால் கோடு விழும், அதுதான் ‘ரியாக்டிவ்’.

வேறொரு வைரஸ் தாக்கும்போதுதான் வில்லங்கம். எப்ஸ்டீன்-பார், கொரோனா போன்ற தொற்றுகளின்போது உடல் அவசரத்தில் கண்டபடி ஆன்டிபாடிகளைச் செய்து தள்ளுகிறது. எப்போதாவது அவற்றில் சில இந்த அட்டையிலும் ஒட்டிக்கொள்ளும். எச்.ஐ.வி. இல்லாமலே ‘ரியாக்டிவ்’! 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தன் கொரோனா தடுப்பூசியைக் கைவிட்டதும் ஏறக்குறைய இதனால்தான். அதில் எச்.ஐ.வி. புரதத்தின் சிறு துணுக்கு இருந்தது. ஊசி போட்டவர்களுக்கு நோய் வரவில்லை, ஆனால் சில பரிசோதனைகள் ‘ரியாக்டிவ்’ காட்டின.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. எச்.ஐ.வி. புதிதாகத் தொற்றியவருக்குக் காய்ச்சல், உடம்புவலி, தடிப்பு வரலாம். மழைக்காலத்து பெங்களூரில் அதைப் பார்த்தால் யாருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். சந்தேகப்பட்டு அட்டை வைத்தாலும், ஆன்டிபாடி உருவாகாத நாட்களில் கோடு விழாது. ஊசி குத்தியதில் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ்-சியும் ஒருசேரத் தொற்றிய ஒரு மருத்துவப் பணியாளருக்கு, ஆறு மாதம் கழித்தும் எச்.ஐ.வி. முடிவு நெகட்டிவாகவே வந்ததாக 1997-இல் பதிவாகியிருக்கிறது.

‘ரியாக்டிவ்’ என்று வந்தால் அதை மட்டும் நம்பாத வழக்கம் பழையது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை முதலில் கண்டது. அதோடு விடவில்லை, மீண்டும் ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். இன்று அந்த உறுதி செய்யும் வேலை ஐ.சி.டி.சி. எனும் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்திலேயே முடிகிறது, தமிழ்நாட்டில் அதற்கு நம்பிக்கை மையம் என்று பெயர். முதல் அட்டை ரியாக்டிவ் என்றால், வேறு புரதமோ வேறு முறையோ கொண்ட இன்னும் இரண்டு பரிசோதனைகள். சாய்ந்த துளை மூன்று கேஜையும் ஏமாற்றுவது அரிது.

மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் ‘முடிவு தெரியவில்லை’ என்று எழுதி, 14 முதல் 28 நாட்களுக்குள் மறுபடி வரச் சொல்வார்கள். அவசரத்தில் பிறந்த ஆன்டிபாடிகள் அதற்குள் பெரும்பாலும் குறையத் தொடங்கியிருக்கும். எச்.ஐ.வி.யுடையது என்றால் கூடியிருக்கும்.