உங்களுக்குத் தெரியுமா? லாரல் முதலில் சிரிக்க வைத்த மேடை

லாரல்-ஹார்டி ஜோடியில் ஒல்லியானவரான ஸ்டான் லாரல், முதன்முதலில் மேடையேறி மக்களைச் சிரிக்க வைத்தது 1906இல், 16 வயதில். இடம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள பிரிட்டானியா பனாப்டிகன் அரங்கம். அதே ஊரில் இன்னொரு நாடகக் கொட்டகையை நடத்திவந்த அப்பாவுக்குத் தெரியாமல்தான் பையன் மேடையேறினானாம்!

அரங்கேற்றத்துக்கு அதைவிட ஆபத்தான இடம் கிடைத்திருக்காது. ஜோக் எடுபடவில்லை என்றால் அழுகிய காய்கறி பறந்து வரும். கப்பல் கட்டும் தொழிலாளர்கள் பையில் கிடந்த ரிவெட் ஆணியையே வீசுவார்கள் என்றும் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்திடம் கைதட்டல் வாங்கியவர் வேறு எங்கும் பிழைத்துக்கொள்வார்.

1938இல் மூடப்பட்ட அரங்கம் பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தது. பிறகு ஆர்வலர்கள் தூசு தட்டியபோது, தரைப்பலகை இடுக்குகளில் சிகரெட் பெட்டிகளும் கால்சட்டைப் பொத்தான்களும் சிக்கின. (பொத்தான் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.) இப்போது அங்கே மறுபடியும் நகைச்சுவை நிகழ்ச்சிகள் நடக்கின்றன, லாரல்-ஹார்டி படங்களும் ஓடுகின்றன. பழங்காலக் கட்டடம், உள்ளே குளிர் அதிகம். போகிறவர்கள் கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.