சீவற் பொறி: மேசை மட்டமும் பாதுகாப்பும்

பலகையின் முகத்தையும் ஓரத்தையும் நேராக்க உதவுவது ஜொயின்டர் எனப்படும் சீவற் பொறியாகும். இரண்டு மேசைகளுக்கு நடுவே அலகுகள் பொருத்திய உருளை சுழலும். மாணவர்கள் குழம்பும் இடம் மேசைகளின் உயரமே. பலகை வெளியேறும் மேசை, சுழலும் அலகு எட்டும் மிக உயர்ந்த புள்ளியுடன் சமமட்டமாக இருத்தல் வேண்டும். அது தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசி முனை கூடுதலாக வெட்டுப்பட்டுக் குழியும். உயர்ந்திருந்தால் பலகை மேசை விளிம்பில் முட்டும். பலகை உட்செல்லும் மேசையோ சீவும் ஆழத்தின் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். ஒரு தடவைக்கு 1 மில்லிமீற்றர் போதும். வழிகாட்டித் தகட்டை மூலைமட்டம் வைத்து 90 பாகைக்குச் சரிபாருங்கள். இவை யாவும் மின்செருகியைக் கழற்றிய பின்னரே. ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது.

பாதுகாப்பு வினாவுக்கு "அவதானமாக இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள், காரணத்தையும் எழுதுங்கள். 300 மில்லிமீற்றரிலும் நீளம் குறைந்த துண்டை ஏன் சீவக்கூடாது? அது மேசைகளுக்கிடையே சரிந்து, அலகில் சிக்கி எறியப்படும். பிடித்திருந்த கை அலகின் மேல் விழும். கையுறை ஏன் ஆகாது? துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். காப்பு மூடி இடைஞ்சல் என்று கழற்றுவோர் உண்டு. பலகை கடந்ததும் அலகை மறைப்பது அது ஒன்றுதான். முகத்தைச் சீவும்போது கையால் அழுத்தாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். வளைந்த பலகையாயின் குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும். இரு முனைகளும் மேசையில் படிவதால் பலகை ஆடாது.