திண்டுக்கல்லில் படம் எப்படிப் போகுது?

பூசணிக்காய் உடைக்கிற அன்று யூனிட்டே சிரித்துக்கொண்டிருக்கும். கடைசி ஷாட் ஓகே ஆகி, பேக்கப் சொல்லியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம். படம் எடுப்பவர்களின் மனசு எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ள அந்த நாள் உதவாது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சி தொடங்கும் நேரத்தில் அவர்களைப் பார்க்க வேண்டும். எத்தனை படம் செய்தவராக இருந்தாலும் வயிற்றில் புளி கரையும். எழுதும்போதும், எடுக்கும்போதும், டப்பிங் பேசும்போதும் படம் அவர் கையில் இருந்தது. இனி இல்லை.

அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும். நல்ல படங்கள் பலவும் அதிலிருந்து பிறந்தவைதான். ஆனால் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பது இப்போது மாறிவிட்டது. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நடிப்பும் இயக்கமும் ஒரே ஆளிடம் சேரும்போது இந்தப் பயம் இரட்டிப்பாகும். எம்.ஜி.ஆர். தாமே இயக்கிய முதல் படம் 'நாடோடி மன்னன்'. 1958-ல் வந்தது. தயாரிப்பும் அவருடையதே, இரட்டை வேடம் வேறு. ஓடினால் மன்னன், ஓடாவிட்டால் நாடோடி என்று அப்போது அவர் நினைத்ததை இன்றுவரை சனங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மறுபடி அவர் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த படம் 'உலகம் சுற்றும் வாலிபன்'. 1970-ல் ஒசாகா எக்ஸ்போவில் போய் எடுத்ததைத் திரைக்குக் கொண்டுவர 1973 மே 11 ஆனது. அதற்கு ஒன்பதாம் நாள், மே 20-ல், திண்டுக்கல் மக்களவைத் தொகுதி இடைத்தேர்தல். அவர் கட்சி தொடங்கி ஏழே மாதம். இரண்டும் எப்படி முடிந்தன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னை ஈர்ப்பது வேறு விஷயம். மதுரைச் சீமையில் படம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், அதைப் பார்க்கிற சனத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் நிலை அந்த இயக்குநருக்கு வாய்த்தது. எந்தப் படைப்பாளிக்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காத ஒன்று அது.

மற்றவர்களுக்கு அந்த முகத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒருவர் உண்டு. விநியோகஸ்தர் அனுப்பும் ரெப். படப்பெட்டியோடு வந்து தியேட்டரிலேயே தங்குவார். ஒவ்வொரு காட்சிக்கும் டிக்கெட்டை எண்ணி, டி.சி.ஆர். என்கிற தினசரி வசூல் கணக்கை எழுதி, இரவு போனில் வசூலைச் சொல்வார். அவருடைய வேலை கணக்கு மட்டும்தான். ஆனால் ஒரே படத்தை நாளுக்கு நான்கு தடவை பார்ப்பவருக்குக் கணக்கைத் தாண்டியும் தெரிந்துவிடும். இந்தப் பாட்டுக்குக் கும்பலாக எழுந்து டீ குடிக்கப் போகிறார்கள், தங்கச்சி அழுகிற இடத்தில் பெண்கள் பக்கம் சத்தமே இல்லை, காமெடிக்கு முன்வரிசை சிரிக்கிறது, பின்வரிசை சிரிக்கவில்லை. வசூலோடு இந்தச் சேதியும் சென்னைக்குப் போகும். மதுரை–ராமநாதபுரம் ஏரியாவில் திண்டுக்கல் தவிர்க்க முடியாத ஊர். தோல் ஷாப்பு, பூட்டுப் பட்டறை, பூ மார்க்கெட், சுற்றுப்பட்டுக் கிராமங்களின் சம்சாரிகள் என்று எல்லாத் தொழில்காரர்களும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்த ஊர். இங்கே பிடித்துவிட்டால் படம் தேறும் என்று நம்பியவர்கள் உண்டு. “திண்டுக்கல்லில் எப்படிப் போகுது?” என்ற கேள்விக்குள் வசூலும் இருந்தது, பரிதவிப்பும் இருந்தது.

தப்பான தீர்ப்பும் இங்கிருந்து போயிருக்கிறது. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு ஒரே நாளில் வெளியானது 'குணா'. வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறி, கொடைக்கானல் குகைக்குள் கருவிகளைக் கயிறு கட்டி இறக்கி எடுத்த படம். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் உடம்பைப் பணயம் வைத்து உழைத்தார்கள். எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. அந்தக் குகைக்கு மட்டும் படத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அதே குகையில் நடக்கும் மலையாளப் படம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபோது, 'குணா'வின் பழைய பாட்டு ஒலித்த இடத்தில் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அதிர்ந்தன. பாட்டு வந்த காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள் கைதட்டினார்கள். 32 வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த கைதட்டல். அதைப் படம் எடுத்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்க முடிந்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தியேட்டர் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆளுக்கொரு கைப்பேசியில் பார்த்திருந்தால் யார் கைதட்டியிருப்பார்கள்?

இப்போது தீர்ப்பு எங்கிருந்து வருகிறது? முதல் காட்சியின் இடைவேளையிலேயே கைப்பேசியில் வந்துவிடுகிறது. படம் முடிந்து வெளியே வருபவரின் வாயருகே மைக்கை நீட்டுகிறார்கள். அவரும் மைக்குக்குத் தகுந்தமாதிரி பேசுகிறார். தியேட்டர் வளாகத்தில் இதை அனுமதிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்தே குரல் எழுந்தது. அவர்கள் கவலை வசூல் பற்றியது. என் கவலை அதுவல்ல. மைக் முன்னால் கத்துபவரைத்தான் படம் எடுப்பவர்கள் சனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவருக்குப் பிடிக்க வேண்டுமென்று பத்து நிமிஷத்துக்கு ஒரு ‘மாஸ்’ காட்சி வைக்கிறார்கள். பெண்கள் பக்கத்து அமைதியை எடுத்துச் சொல்ல ஆளில்லை. படம் டிஜிட்டலில் வந்து இறங்குகிறது. வசூல் கணினியில் தெரிகிறது. டீ குடிக்க எழுந்து போனவர்களை எந்தக் கணினியும் எண்ணுவதில்லை.

ஓடிடி இல்லாவிட்டால் சின்னப் படங்களுக்கு வழியே இல்லை என்பார்கள். மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுத்து, 2021-ல் ராட்டர்டாமில் புலி விருது வாங்கிய 'கூழாங்கல்'லை நம்மில் பெரும்பாலோர் வீட்டில்தான் பார்த்தோம். சரிதான். ஆனாலும் அந்த வெயிலை இருட்டுக் கொட்டகையில் நானூறு பேரோடு உட்கார்ந்து பார்த்திருந்தால், அதை எடுத்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே ஒற்றைத் திரைக் கொட்டகை ஒன்று மூடினால் கல்யாண மண்டபமோ காம்ப்ளக்ஸோ வந்துவிடும். ஊருக்கு நஷ்டமில்லை என்றுகூடச் சிலர் சொல்வார்கள். படம் எடுப்பவர்களுக்கு நஷ்டம்.

தியேட்டர் விசிட் என்று முதல் நாள் வருகிறார்கள். மாலை, பட்டாசு, செல்ஃபி, கார் கிளம்பிவிடுகிறது. அந்தக் கூட்டம் அவர்களைப் பார்க்க வந்தது. படத்தைப் பார்க்க அல்ல. சிறுமலையிலும் கொடைக்கானலிலும் யூனிட்டோடு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு ஒரு ராத்திரி தங்குவது பெரிய விஷயமில்லை. இரண்டாவது வாரம், புதன்கிழமை, இரவுக் காட்சிக்கு வரட்டும். தொப்பியோ மாஸ்க்கோ போட்டுக்கொண்டு, டிக்கெட் எடுத்து, கடைசி வரிசையில் உட்காரட்டும். திரையைப் பார்க்க வேண்டாம். முன்னால் இருக்கிற நாற்பது பேரைப் பார்க்கட்டும்.