கூரை மட்டும் போதுமா?

இலண்டன் மாநகரில் ஸோஹோ என்பது இரவெல்லாம் விளக்கெரியும் பகுதி. நாடக அரங்குகளும் கேளிக்கைக் கூடங்களும் நெருங்கிய அப்பகுதியில், 1960ஆம் ஆண்டுகளில் வேலை தேடி வந்த இளைஞர் பலர் தங்க இடமின்றித் தெருவிலேயே இரவைக் கழித்தனர். கென்னத் லீச் என்னும் பாதிரியார் 1969 டிசம்பர் 16ஆம் நாள், அங்குள்ள தூய அன்னாள் தேவாலயத்தின் நிலவறையை அவர்களுக்கு இராத்தங்கும் இடமாகத் திறந்துவிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் சென்டர்பாயிண்ட். பெயரிலேயே ஒரு குத்தல் உண்டு. அருகில் அதே பெயருடன் எழுந்திருந்த முப்பதுக்கு மேற்பட்ட மாடிகளைக் கொண்ட கட்டடம், கட்டி முடித்தும் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தது. வீடற்றோர்க்கு அஃது ஓர் அவமதிப்பு என அந்நாளில் பேசிக்கொண்டனர்.

நிலவறை ஓரிரவுப் படுக்கையைத் தந்தது. விடிந்தபின் அவ்விளைஞன் எங்கே போவான்? இங்கிலாந்தின் சட்டம் இவ்வினாவுக்கு விடை காண நாற்பதாண்டுகள் பிடித்தன.

வீடற்றோர்க்கு இடமளிக்கும் கடமையை 1977ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களின்மேல் சுமத்தியது. ஆனால் குழந்தைகளையுடைய குடும்பங்கள், கருவுற்ற பெண்கள், முதுமையாலோ நோயாலோ தளர்ந்தோர் ஆகியோரே முன்னுரிமை பெற்றனர். தனித்து நிற்கும் இளைஞன் பெரும்பாலும் அப்பட்டியலில் இல்லை. 16, 17 வயதினரை 2002ஆம் ஆண்டு ஆணைதான் அதில் சேர்த்தது. இதற்கிடையில் 1989ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 18 வயது நிறையாத எவரும் சிறாரே என்று கூறி, பராமரிப்பாரின்றி நிற்கும் சிறாருக்கு உறைவிடம் தரும் பொறுப்பைச் சிறார் நலத்துறைக்கு அளித்திருந்தது. ஆக, ஒரே பிள்ளைக்கு இரண்டு கதவுகள். இரண்டு கதவுகள் இருந்தால் ஒவ்வொன்றும் மற்றதைக் காட்டுவது அலுவலக உலகின் பழைய வழக்கமன்றோ!

2007ஆம் ஆண்டில் தாயால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட 17 வயது இளைஞன் ஒருவன், நண்பர் வீடுகளிலும் மோட்டார் வண்டிகளிலும் உறங்கியபின், இலண்டனின் ஸவுத்வார்க் மன்றத்துச் சிறார் நலத்துறையை நாடினான். அவனுக்கு வேண்டியது வீடு பெற உதவி மட்டுமே என்று கூறி, அத்துறை அவனை வீட்டுவசதிப் பிரிவுக்கு அனுப்பியது. வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 2009 மே திங்களில் அச்சபை அவன் பக்கம் தீர்ப்பளித்தது. பதினெட்டு நிறையாதவன் உறங்க இடமின்றி வந்து நின்றால் அவன் முதலில் ஒரு பிள்ளை. வீடு கேட்டு வரும் விண்ணப்பதாரன் என்பது பிறகே. சிறார் சட்டப்படி தனக்குள்ள கடமையை வேறு பிரிவின்மேல் தள்ளிவிட்டுத் துறை ஒதுங்கிக்கொள்ளல் ஆகாது. இதுவே தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்தபோது வழக்குத் தொடுத்தவன் பதினெட்டைக் கடந்துவிட்டான் என்பதையும் குறிப்பிடத்தான் வேண்டும்.

எந்தக் கதவு திறந்தால் என்ன, கூரை கிடைத்தால் போதாதா என்று சிலர் வினவலாம். போதாது. வீட்டுவசதிப் பிரிவு தருவது ஓர் அறை. அதற்கு வாடகை உண்டு. பதினேழு வயதினன் சட்டப்படி முழுமையான குத்தகைதாரனாகவும் முடியாது. சிறார் நலத்துறையின் பராமரிப்பில் குறித்த வயதுக்குள் மொத்தம் 13 வாரங்கள் இருந்தவனுக்கோ நிலை வேறு. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அவனுக்கென ஓர் ஆலோசகர் அமர்த்தப்படுவார். படிப்பு, வேலை, உறைவிடம் பற்றி எழுத்தில் ஒரு திட்டம் வகுக்கப்படும். பதினெட்டு நிறைந்ததும் அவ்வுதவி அற்றுப்போவதில்லை. வீட்டில் வளரும் பிள்ளையைப் பதினெட்டாம் பிறந்தநாளன்று எந்தத் தாய் தந்தையர் வெளியே அனுப்பிக் கதவடைப்பர்?

எனினும், அதிகாரிகளின் கேள்விகளால் சலித்த சிலர் இப்பராமரிப்பு வேண்டாமென மறுப்பதுண்டு. விளைவுகளை விளக்கிச் சொன்னபின்னரே அம்மறுப்பை ஏற்கலாம் என அரசின் வழிகாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன. வீட்டாரோடு பேசி, தீங்கில்லையெனில் பிள்ளையைத் திரும்பச் சேர்ப்பதையே முதலில் முயலுமாறும் அவை சொல்கின்றன. அது நன்று, ஏனெனில் இவர்களிற் பெரும்பாலோர் தெருவுக்கு வருவது வறுமையால் மட்டுமன்று, வீட்டுப் பூசலால். நண்பர் வீட்டுத் திண்டிலும் தரையிலும் மாறி மாறிப் படுப்போரைத் தெருவில் எண்ணிக் காணவும் இயலாது. அவர்களுள் சிலர் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருப்பர். நேற்றைய சட்டையையும் முதற்பாட வேளைத் தூக்கத்தையும் முதலில் காண்பவர் ஆசிரியரே.

பிரெஞ்சு நாட்டிலிருந்து 1992இல் இங்கிலாந்துக்கு வந்த மற்றொரு முறை ‘ஃபுவாயே’. அடுப்பு, கணப்பு என்பது அச்சொல்லின் மூலப் பொருள். வீட்டுக்கே அது பெயராயிற்று. உலை எரியும் இடமே வீடு என்பது நமக்கும் புதிதன்று. இவ்விடுதிகளில் இளைஞருக்கு அறையோடு தொழிற்பயிற்சியும், சமைக்கவும் செலவைக் கணக்கிடவும் பழக்கமும் சேர்த்துத் தரப்படுகின்றன. ஆனால் படிப்பையோ பயிற்சியையோ தொடர்பவனுக்கே பொதுவாக இடம் உண்டு. மனம் நைந்து வந்து, காலையில் எழவும் இயலாதவனுக்கு அந்நிபந்தனையே மற்றொரு கதவடைப்பாகிவிடும். அவனுக்கு முதலில் எதுவும் கேட்காத ஓர் அறை வேண்டும். பயிற்சியைப் பற்றிய பேச்சு அதன்பின் தொடங்கலாம்.