கொல்கத்தா 25கே: உலக சாதனையாளரும் நீங்களும் ஒரே ரோட்டில் ஓடுவது எப்படி?

2023 டிசம்பரில், அலிப்பூருக்கு வடக்கே ரெட் ரோட்டில் தொடங்கிய 25 கி.மீ. ஓட்டத்தை கென்யாவின் டேனியல் எபென்யோ 1 மணி 11 நிமிடம் 13 விநாடியில் முடித்தார். அதாவது, கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 விநாடி. அதே நாளில் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஓடினார்கள்.

எப்படி முடியுது? முதலில், தூரத்தைப் பிரிக்கிறார்கள்: 25, 10 கி.மீ., அதைவிடக் குறுகிய ஓட்டங்கள். அடுத்து, வேகத்தைப் பார்த்து அணி அணியாக அனுப்புவது. இது பெரிய மாரத்தான்கள் பலவற்றிலும் உள்ள வழக்கம்.

பின்னாடி நின்றால் நேரம் போயிடுமா? போகாது. உங்கள் சிப், நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் உங்கள் ஓட்ட நேரத்தை எண்ணும்.

அதனால பதிவு செய்யும்போது உங்கள் உண்மையான வேகத்தையே சொல்லுங்க. மெதுவாக ஓடுபவர் முன்வரிசையில் நின்றால், பின்னால் வேகமாக வருபவர் தடுக்கி விழலாம்.