தழும்பே நோயை வளர்க்குமா?

எலியின் நுரையீரலைத் தனியே எடுத்து, அதன் ரத்தக்குழாய் வழியாகச் சவர்க்காரம் போன்ற ஒரு கரைசலை மெல்லச் செலுத்துகிறார்கள். சில மணி நேரத்தில் இளஞ்சிவப்பு வெளுத்துவிடுகிறது. செல்களெல்லாம் கரைந்து வெளியேறிய பின் மிஞ்சுவது பால்வெள்ளையான ஒரு கூடு. மூச்சுக்கிளைகள், காற்றறைகள், அவற்றைச் சுற்றி ஓடிய தந்துகிகளின் தடம் எல்லாம் அதில் அப்படியே நிற்கின்றன. கொலாஜன், எலாஸ்டின் முதலான புரதங்களால் ஆன இந்தக் கூட்டைத்தான் ஆய்வாளர்கள் ‘மேட்ரிக்ஸ்’ என்கிறார்கள்.

2010இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லாரா நிக்லசன் குழுவினர் இப்படிப்பட்ட கூட்டில் புதிய செல்களைக் குடியேற்றி, வளர்த்து, உயிருள்ள எலிக்குள் பொருத்தினார்கள். 45 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை அது ஆக்சிஜனை வாங்கி, கரியமில வாயுவை வெளியே விட்டது. அதே ஆண்டு பாஸ்டனில் ஹரால்ட் ஓட் குழுவினர் வளர்த்த நுரையீரல் 6 மணி நேரம் வரை தாக்குப்பிடித்தது.

அதற்கு மேல் ஏன் முடியவில்லை? ரத்தத்தையும் காற்றையும் பிரிக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. அந்தச் சுவரில் செல் மூடாத இடம் கொஞ்சம் இருந்தாலும் காற்றறைக்குள் நீர் கசியும்; வெறும் கொலாஜன்மேல் பட்ட ரத்தம் உறையும். மனித நுரையீரலில் காற்றறைகளே கோடிக்கணக்கில் இருக்கின்றன. 2018இல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் பன்றிகளுக்கு, அவற்றின் சொந்தச் செல்களைக் கொண்டே 30 நாள் வளர்த்த நுரையீரல்களைப் பொருத்தினார்கள். ஒரு பன்றி 2 மாதம் வரை இருந்தது. ஆனால் அதன் மூச்சைத் தாங்கியது இன்னொரு பக்கத்து நுரையீரல்தான்.

மாற்று நுரையீரலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது ஆறுதலான செய்தி இல்லை. ஆனால் இந்த வெள்ளைக் கூடு இப்போதே பெரிய பயன் தந்திருப்பது வேறொரு இடத்தில் என்பது என் எண்ணம்.

நுரையீரல் நார்மைய நோயில் காற்றறைகளின் சுவர் தழும்பேறித் தடித்துப்போகிறது. காரணம் தெரியாமல் வரும் வகையில், நோய் உறுதியான பின் பலர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே வாழ்கிறார்கள். பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற மருந்துகள் நோயின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. தழும்பு என்பது நோய் விட்டுச்சென்ற வடு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தோம்.

2012இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்ல நுரையீரலையும் நார்மையம் கண்ட நுரையீரலையும் செல் நீக்கி, இரண்டின் இறுக்கத்தையும் அளந்தார்கள். நல்லதில் சுமார் 1.6 கிலோபாஸ்கல், நோயுற்றதில் 7க்கும் மேல். பிறகு நார் உண்டாக்கும் செல்களை இரண்டின்மீதும் வளர்த்தபோது, நோயுற்ற கூட்டில் விழுந்தவை சுருங்கி இழுக்கும் முரட்டுச் செல்களாக மாறத் தொடங்கின. 2014இல் வந்த இன்னோர் ஆய்வு இதை மேலும் அழுத்தமாகச் சொன்னது: செல் யாரிடமிருந்து வந்தது என்பதைவிட, எந்தக் கூட்டில் உட்கார்ந்தது என்பதே அதன் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது. செல் தழும்பைப் போடுகிறது. தழும்பு மேலும் தழும்பு போடச் சொல்லிச் செல்லைத் தூண்டுகிறது. இந்தச் சுழலை எங்கே அறுப்பது என்று தேடும் மருந்தாய்வுக்கு, திசுவைவிட லட்சக்கணக்கான மடங்கு கடினமான பிளாஸ்டிக் தட்டு எப்படிப் போதும்?

அதனால்தான் மேட்ரிக்ஸைப் பொடியாக்கி, கரைத்து, உடல் வெப்பத்தில் உறையும் கூழாக்குகிறார்கள். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் டார்சி வாக்னர் குழுவினர் அதைக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டுடன் கலந்து, சிறு மூச்சுக்குழல்களை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள்.

இதற்கான திசு எங்கிருந்து வருகிறது? தானமாக வந்தும் பொருத்த முடியாமல்போன நுரையீரல்களிலிருந்து. மாற்று அறுவைசிகிச்சையில் நோயாளியின் மார்பிலிருந்து எடுக்கப்படும் பழைய நுரையீரல்களிலிருந்தும்தான். ஒருவரை மூச்சுத்திணற வைத்த அதே நுரையீரலின் மெல்லிய துண்டு வெளுத்துக் கழுவப்பட்டு, அடுத்த மருந்தைச் சோதிக்கும் களமாகிறது.