உங்களுக்குத் தெரியுமா? முன்தோல் நீக்கமும் உணர்ச்சியும்

வயது வந்தபின் சுன்னத் எனப்படும் முன்தோல் நீக்கம் செய்துகொள்வோருக்கு, அதுவரை மூடியிருந்த ஆண்குறி மொட்டு முதல் சில வாரங்களில் உள்ளாடை உரசினாலே கூசும். சீழோ நில்லாத குருதிக் கசிவோ இல்லையெனில், இந்த மிகையுணர்ச்சியும் தையலைச் சுற்றிய வீக்கமும் பெரும்பாலும் தாமே அடங்கிவிடும். மேற்புறம் ஆறியதாகத் தோன்றினாலும் உள்திசு வலுப்பெறக் காலம் பிடிப்பதால், 6 வாரம் உடலுறவும் சுயஇன்பமும் தவிர்க்கப்பட வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். உணர்ச்சி நிலையாகக் குன்றிவிடுமோ என்ற அச்சமும் ஆராயப்பட்டதே: கென்யாவின் கிசுமு நகரில் 18 முதல் 24 வயதுவரையான 2,784 ஆடவரை 2 ஆண்டுவரை கண்காணித்த ஆய்வில், அறுவை செய்துகொண்டோருக்கும் செய்யாதோருக்கும் இடையே பாலியல் குறைபாடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை, செய்துகொண்டோரில் பெரும்பாலோர் உணர்ச்சி கூடியதாகவே தெரிவித்தனர், எனினும் இது அவரவர் கூற்றேயன்றிக் கருவியால் அளந்த முடிவன்று.